போய் வந்தேன் என்பது ஒரு பயணமா, இரண்டா?

தமிழில் யாரும் "போகிறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. "போய் வருகிறேன்" என்கிறோம். வாய்தவறிப் போகிறேன் என்று சொன்னால் வாசலில் நிற்கும் பெரியவர் யாராவது திருத்துவார். திரும்பி வருவதையும் சேர்த்துச் சொன்னால்தான் நமக்கு மனம் நிறைகிறது. ஆனால் வீட்டுப் பயணக் கணக்கெடுப்புப் படிவத்தில் போவது ஒரு பயணம், வருவது வேறொரு பயணம். இரண்டுக்கும் தனித்தனி வரி, தனித்தனி நேரம், தனித்தனிக் கட்டணம். "கடைக்குப் போய் வந்தேன்" என்று ஒருவர் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பதை இரண்டாக உடைத்து எழுதத் தெரியாத கணக்கெடுப்பாளர், அந்த வீட்டின் பாதிப் போக்குவரத்தைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்.

நானும் அப்படி விட்டுவிட்டு வந்தவள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், சென்னையிலும் அதைச் சுற்றியும் வீடு வீடாகச் சென்று பயண விவரம் சேகரிக்கும் வேலையில் இருந்தேன். தோளில் ஒரு பை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், என்ன வேலை, என்னென்ன வண்டிகள், நேற்று யார் எங்கே எப்போது எப்படி எதற்காகப் போனார்கள் என்று கேட்டுப் பதிய வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு குறுகலான சந்து. நடுவயதுள்ள ஒருவர் கதவைத் திறந்தார். அன்றைக்கு அவருக்கு விடுமுறை. தன் பயணத்தைச் சொன்னார், மனைவியினுடையதைச் சொன்னார், கல்லூரி செல்லும் மகனுடையதையும் அவரே சொன்னார். "உங்கள் அம்மா?" என்று கேட்டேன். "அம்மாவா? அவர்கள் எங்கும் போவதில்லை மேடம். வயதாகிவிட்டது, வீட்டோடுதான் இருக்கிறார்கள்." பெயர், வயது, "பயணம் இல்லை" என்று அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தேன். அன்றைக்கு இன்னும் ஐந்து வீடுகள் பாக்கி இருந்தன.

மறுநாள் அதே பகுதியில் மீதமிருந்த வீடுகளுக்காக விடிகாலையிலேயே போயிருந்தேன். மக்கள் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் பிடித்தால்தான் உண்டு. பஸ் நிறுத்தத்தில் முன்வாசல் வழியாக ஒரு மூதாட்டி இறங்கினார். முதலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தரையில் ஊன்றினார். பிறகு படியில் வைத்திருந்த பிளாஸ்டிக் பையை இழுத்து எடுத்தார். பையின் வாயில் ஈரத்துணி. துணியின் ஓரத்தில் மல்லிகை மொட்டுகள் எட்டிப் பார்த்தன. பாரிமுனைப் பூக்கடையிலிருந்து உதிரிப்பூ வாங்கிக்கொண்டு வருகிறார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சந்துக்குள் திரும்பி, நான் முதல் நாள் உட்கார்ந்திருந்த அதே வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"எங்கும் போவதில்லை" என்று நான் பதிந்துவைத்திருந்தவர்.

மகன் பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. அவர் கண்விழிப்பதற்கு முன்பே அம்மா போய் வந்துவிடுகிறார். அவருக்குத் தெரிந்த அம்மா கூடத்தில் உட்கார்ந்து பூக் கட்டுகிறவர். அம்மா பூக் கட்டுவதை அவர் நாள்தோறும் பார்க்கிறார். அந்தப் பூ வீட்டுக்கு வந்து சேர்ந்த வழியைப் பார்த்ததில்லை. ஒருவருடைய நாளை இன்னொருவர் வாயால் கேட்டு எழுதும்போது இப்படித்தான் ஆகும். எங்கள் துறையில் இதைப் பதிலாள் பதில் என்பார்கள். எல்லா நாடுகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஆனால் நம் வீடுகளில் பதிலாளாக வந்து நிற்பவர் பெரும்பாலும் ஆண். விடுபடும் நாள் பெரும்பாலும் பெண்ணுடையது.

ஒரு பாட்டியின் ஒரு பஸ் பயணம் விட்டுப்போனால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றலாம். கணக்கு அப்படி விடாது. நகரிலுள்ள எல்லா வீடுகளுக்கும் போக முடியாது என்பதால் மாதிரி எடுக்கிறோம். நகரத்தைச் சிறு சிறு போக்குவரத்து மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு இத்தனை வீடுகள் என்று பொறுக்குகிறோம். ஒரு மண்டலத்தில் 4,000 குடும்பங்கள் இருந்து, நாங்கள் 40 வீடுகளுக்குப் போனோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் படிவம் ஒவ்வொன்றும் 100 குடும்பங்களுக்காகப் பேசும். நான் அழுத்திய ஒரு "பயணம் இல்லை", 100 பேரை விடிகாலை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டுவிடும். பிறகு அந்த எண்கள் போக்குவரத்தைக் கணிக்கும் ஒரு கணினி நிரலுக்குள் போகும். எந்த மண்டலத்திலிருந்து எத்தனை பயணங்கள் கிளம்புகின்றன, அவை எங்கே போய்ச் சேர்கின்றன, எதில் ஏறிப் போகின்றன, எந்தச் சாலை வழியாகப் போகின்றன என்று நான்கு படிகளில் அது கணக்குப் போடும். மேம்பாலம் எங்கே, பஸ் எத்தனை, ரயில் பாதை எந்தப் பக்கம் என்ற முடிவுகளுக்குச் சான்றாக மேசையில் வைக்கப்படுவது இந்தக் கணக்குதான். சென்னையில் இப்போது கட்டப்பட்டுவரும் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டம் மட்டும் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய முடிவுகளின் ஆக அடியில் யாரோ ஒரு கணக்கெடுப்பாளர் யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கேள்வி இருக்கிறது.

சரிபார்க்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அடையாறும் கூவமும் நகரத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடுகின்றன. ஆற்றைக் கடக்கப் பாலங்களை விட்டால் வழியில்லை. அதனால் திரு.வி.க. பாலம், கோட்டூர்புரம் பாலம், சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம் போன்ற இடங்களில் ஆட்களை நிறுத்தி வண்டிகளை எண்ணிவிட்டு, வீடுகளில் மக்கள் சொன்ன கணக்கோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். நல்ல முறைதான். குறைந்திருந்தால் தெரிந்துவிடும். ஆனால் அது வண்டிகளில் வரும் குறையைத்தான் காட்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கன்வாடி வரை நடந்தவள் எந்தப் பாலத்தையும் கடக்கவில்லை. அவள் மண்டலத்தை விட்டே வெளியே வரவில்லை. அவளுடைய பயணம் படிவத்தில் விடுபட்டால், அது விடுபட்டது என்று சொல்லப் பிறகு ஒருவரும் இல்லை. கணக்கெடுப்பாளர் வாசலில் கேட்கும் அந்த ஒரு தடவைதான் வாய்ப்பு.

இத்தனைக்கும் சென்னையில் நடை சின்ன விஷயமே இல்லை. 2008-ஐ ஒட்டி நடந்த விரிவான போக்குவரத்து ஆய்விலேயே மொத்தப் பயணங்களில் கால் பங்குக்கு மேல் நடைதான் என்று தெரியவந்தது. கேட்டுச் சொல்லாமல் விட்டவை போகவே அவ்வளவு!

இந்த முறை பிறந்த இடத்தையும் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பயண விவரம் கேட்கும் வழக்கம் 1944-இல் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் தொடங்கியது. கார்கள் பெருகிக்கொண்டிருந்த ஊர்கள் அவை. நெடுஞ்சாலையை எங்கே போடுவது என்பதுதான் அவர்களுக்கு இருந்த பெரிய கேள்வி. காலையில் காரை எடுத்து வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் ஒருவரை மனத்தில் வைத்து நெய்த சட்டை அது. நம் ஊருக்கு வரும்போது அளவெடுத்துத் தைக்க வேண்டும். தைக்காமலே மாட்டிவிட்ட இடங்களும் உண்டு.

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். வரவேற்க வேண்டிய செயல். ஆனால் விவசாயத்திலும் வீட்டுத்தொழிலிலும் இல்லாத "பிற தொழிலாளர்கள்" என்ற பிரிவினரை மட்டும்தான் கேட்டார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை, ரேஷன் கடைக்குப் போகும் அம்மா, மருத்துவமனைக்குப் போகும் தாத்தா யாரும் அதில் வரமாட்டார்கள். வீட்டில் உட்கார்ந்து பூக் கட்டுவதை வீட்டுத்தொழில் என்று எழுதியிருந்தால் வண்ணாரப்பேட்டைப் பாட்டியும் வரமாட்டார்.

எங்கள் படிவத்தில் முதல் கேள்வியே "நேற்று நீங்கள் மேற்கொண்ட பயணங்கள்" என்றுதான் இருந்தது. பயணம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் மனம் எங்கே போகும்? திருப்பதிக்குப் போகும். தீபாவளிக்கு ஊருக்குப் போன ரயிலை நினைக்கும். தெருமுனைப் பால்பூத்துக்குப் போனதை யார் பயணம் என்பார்கள்? "நேற்று எங்கே போனீர்கள்?" என்று மாற்றிக் கேட்டுப் பார்த்தேன். அது இன்னொரு முள். மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருக்க, கணவர் வாசலில் நிற்க, முன்பின் தெரியாத ஒருத்தி வந்து ஒரு மருமகளிடம் "நேற்று எங்கே போனாய்?" என்று கேட்டால் அது விசாரணை போலத்தான் விழும். படிதாண்டாமல் இருப்பதைப் பெண்ணின் பெருமையாகச் சொல்லிச் சொல்லி வளர்த்த ஊர் இது. "நான் எங்கே போகப் போகிறேன், வீட்டில்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சொல்லும்போதே காலில் தெருப் புழுதி ஒட்டியிருக்கும்.

பல வீடுகளுக்குப் பிறகு என் கேள்வியை நானே மாற்றிக்கொண்டேன். "காலையில் எழுந்ததும் முதலில் வாசலைத் தாண்டியது எதற்காக? பாலுக்கா, தண்ணீருக்கா, பிள்ளையைப் பள்ளியில் விடவா?" இப்படி வேலையை முன்னால் வைத்துக் கேட்டால் போன இடம் தானாகப் பின்னால் வந்துவிடுகிறது. வேலையைச் சொல்வதில் யாருக்கும் கூச்சமில்லை.

அந்தக் கேள்வி என்ன செய்யும் என்பதை முழுதாகப் பார்த்தது பெரும்பாக்கத்தில். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் பல குடியேற்றப்பட்ட இடம். எட்டு அடுக்குகள் கொண்ட கட்டடங்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஐந்தாவது மாடியில் ஒரு அக்கா, மாலை ஏழு மணி, அரிசி களைந்துகொண்டிருந்தார். மந்தைவெளிப் பக்கம் வீட்டுவேலை செய்கிறவர். கும்பிட்டு உட்கார்ந்ததும், "உரிமைத்தொகை சம்பந்தமாகவா?" என்று கேட்டார். இல்லையென்று சொன்னதும் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். இருந்தாலும் தண்ணீர் கொடுத்தார்.

"நேற்று வேலைக்குப் போய் வந்தேன், அவ்வளவுதான்" என்றார். படிவத்தில் இரண்டு பயணங்கள். அத்தோடு எழுந்திருக்கலாம். வாசலைத் தாண்டிய கேள்வியைக் கேட்டேன்.

அரிசிக்குள் கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தார். பாலுக்குக் கீழே இறங்கிப் போனது, திரும்பியது. பிறகு நிறுத்தம் வரை நடந்து, பஸ் ஏறி, அடையாறில் இறங்கி மாறி, மந்தைவெளியில் முதல் வீடு. அங்கிருந்து நடந்து இரண்டாவது வீடு. அங்கிருந்து மூன்றாவது வீடு. வேலை முடிந்து காய்கறிக் கடை. கடையிலிருந்து பஸ் பிடித்துத் திரும்ப வீடு. பையை வைத்துவிட்டு மகளை அழைத்துவரப் பள்ளிக்கு, அவளோடு திரும்ப வீடு. ஒன்பது பயணங்கள். சொல்லி முடித்தபோது அவரே கையை வெளியே எடுத்து ஈர விரல்களை மடக்கி ஒருமுறை எண்ணிப் பார்த்தார். "இவ்வளவா நடக்கிறேன்?" என்றார். அவர் கேட்டது என்னைப் பார்த்து இல்லை.

பஸ் நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் என்றார். பஸ்ஸே வரவில்லையா? வந்தது, இரண்டு வந்தன, சொகுசுப் பேருந்துகள், விட்டுவிட்டேன் என்றார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மற்றவற்றுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். மூன்று வீட்டுச் சம்பளத்தில் நாள்தோறும் அந்தப் பணத்தை எடுத்துவைக்க முடியாது. அந்தத் திட்டத்தால் அவர் கையில் மாதாமாதம் மிஞ்சும் பணம் மகளின் படிப்புக்குப் போகிறது என்பதையும் அவரே சொன்னார். நான் படிவத்தில் கட்டணம் பூஜ்யம், காத்திருப்பு 45 நிமிடம் என்று பதிந்தேன். விட்டுவிட்ட இரண்டு பஸ்களைப் பதிய இடமில்லை. அலுவலகத்தில் அந்த எண்ணைப் பார்ப்பவர் அந்தத் தடத்தில் 45 நிமிடத்துக்கு ஒரு பஸ்தான் ஓடுகிறது என்று நினைப்பார். அல்லது அந்த அக்காவுக்கு நேரத்தின் அருமை தெரியாது என்று நினைப்பார். இரண்டுமே தவறு. கடைசியில் "குறிப்பு" என்றிருந்த கட்டத்தில் நான்கு வரி எழுதினேன். குறிப்புக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதற்கு நேர் எதிரான கதை பழைய மாமல்லபுரம் சாலையோர அடுக்ககங்களில். அங்கே வாசல்வரை போகவே விடமாட்டார்கள். காவலர் சங்கச் செயலாளரிடம் அனுப்புவார், செயலாளர் மின்னஞ்சல் அனுப்பச் சொல்வார். வீட்டுக்கு இரண்டு கார் வைத்திருப்பவர்கள் எங்கள் மாதிரியில் குறைந்துபோனார்கள். போனில் அழைத்து வருமானம் கேட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். இதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கார்களைச் சாலையிலேயே எண்ணிவிடலாம்.

இப்போது இளைஞர்கள் சிலர், இன்னும் எதற்கு வீடு வீடாக அலைய வேண்டும், டிக்கெட் இயந்திரமும் செல்போனும் எல்லாவற்றையும் சொல்லிவிடுமே என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கட்டணமில்லா டிக்கெட் கிழித்துக் கொடுக்கப்படுவதால் எத்தனை பெண்கள் ஏறினார்கள் என்று இன்று தெரிகிறது. மெட்ரோ அட்டை எந்த நிலையத்தில் நுழைந்து எந்த நிலையத்தில் வெளியேறினார்கள் என்று சொல்லிவிடும். ஆனால் நிலையத்துக்கு எப்படி வந்தார்கள், ஷேர் ஆட்டோவிலா, நடந்தா, மகன் வண்டியில் கொண்டுவந்து விட்டானா, எதற்காகப் போனார்கள் என்பதை அட்டை சொல்லாது. செல்போன் தடம் இன்னும் மோசம். ஒரே ஒரு நல்ல போன் உள்ள வீட்டில் அது மகனின் சட்டைப்பையில் இருக்கும். போன் போன இடமெல்லாம் அம்மாவும் போனதாகக் கொள்ள முடியுமா? இவை எல்லாம் வேண்டும், வீட்டு வாசலும் வேண்டும்.

அதுவும் இனிமேல்தான் அதிகம் வேண்டும். சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022-இல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். போக்குவரத்தை ஒரே குடையின்கீழ்த் திட்டமிட 2010-இல் சட்டம் இயற்றி 2019-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், நாம் சுருக்கமாகக் கும்டா என்பது, இத்தனை பெரிய நிலப்பரப்பைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. ஊர்களும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2023 டிசம்பர் இறுதியில் நகருக்குத் தெற்கே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டதும், தென்மாவட்டங்களுக்குப் போகும் வடசென்னைக்காரரின் பயணத்தில் ஒரு புதிய துண்டு ஒட்டிக்கொண்டது. பழைய கணக்கெடுப்பில் அந்தத் துண்டு இல்லை. திரும்பவும் கேட்டால்தான் தெரியும்.

கேட்பவர்களை நாம் எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான் எனக்கு ஆற்றாமை. எங்களுக்குச் சம்பளம் படிவக் கணக்கில். முடித்த படிவத்துக்கு இவ்வளவு என்று காசு. பெரும்பாக்கத்து அக்கா வீட்டில் எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. "வேலைக்குப் போய் வந்தேன்" என்றதோடு எழுந்திருந்தால் பத்தே நிமிடம். இரண்டுக்கும் ஒரே காசு. எங்கள் குழுவில் மாலைக்குள் இருபது வீடு முடித்துவிடும் ஒரு தம்பி இருந்தான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு அறை வாடகை கட்ட வேண்டியிருந்தது. "பயணம் இல்லை" என்ற பொத்தானை அழுத்தினால் அந்த ஆளுக்கான முப்பது கேள்விகள் மறைந்துவிடும்படி படிவத்தை அமைத்துவிட்டு, காசையும் படிவக் கணக்கில் கொடுத்தால், ஊரில் பாதிப் பேர் வீட்டிலேயே இருப்பார்கள்.

நாள் சம்பளம் கொடுங்கள் என்றுதான் போகுமிடமெல்லாம் சொல்லிவருகிறேன். மாலை ஆறு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்குப் போகட்டும், அப்போதுதான் உழைப்பவர்கள் வீட்டில் இருப்பார்கள். அதற்குத் தனிப்படி கொடுங்கள். பெண்களிடம் பெண்களே கேட்கட்டும், அவரவர் நாளை அவரவர் வாயாலேயே கேட்கட்டும். முதல் நாளே ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தால், மறுநாள் போகிற இடமெல்லாம் அதில் ஒரு கோடு கிழித்துவைப்பார்கள். எழுதத் தெரியாதவரும் கோடு கிழிப்பார். செலவாகும்தான். ஒரு பாலத் தூணுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

வண்ணாரப்பேட்டைக்கு வருகிறேன். அன்று காலை பாட்டியைப் பார்த்ததும் மேற்பார்வையாளரை அழைத்து, நேற்று அனுப்பிய படிவம் ஒன்றைத் திறந்துவிட வேண்டும் என்றேன். ஒரு படிவம்தானே, விடுங்கள் என்றார். அது நூறு என்றேன். கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு, சரி, திறந்துவிடுகிறேன், மதியத்துக்குள் முடியுங்கள் என்றார்.

போனபோது பாட்டி கூடத்தில் கால்நீட்டி உட்கார்ந்து, வாழைநாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். மகன் வேலைக்குப் போயிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, முந்தாநாள் முதலில் வாசலைத் தாண்டியது எதற்காகப் பாட்டி என்று கேட்டேன். விரல்கள் நிற்கவில்லை. இரண்டு மொட்டை இந்தப் பக்கம், இரண்டை அந்தப் பக்கம் வைத்து ஒரு முடிச்சுப் போட்டார்.

"முந்தாநாளா கண்ணு? அது செவ்வாய்க்கிழமை. கோயிலுக்கு மாலையும் கொடுக்க வேண்டும். அதனால் மூன்று மணிக்கே எழுந்துவிட்டேன். பூக்கடைக்குப் போய் வந்தேன்…"

"போனதை முதலில் சொல்லுங்கள் பாட்டி," என்றேன். "வந்ததை அப்புறம் எழுதிக்கொள்கிறேன்."